தகுதியும் பயனும்

சந்தையில் வெண்டைக்காய் வாங்குபவர் அதன் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். தேங்காய் வாங்குபவர் தட்டிப் பார்க்கிறார். துணி வாங்குபவர் அதன் ஓரத்தை இரு விரல்களுக்கிடையே நெருடிப் பார்க்கிறார். ஒன்றை ஏற்பதற்கு முன் அது நல்லதா, அல்லதா என ஆராய்வது மக்களிடம் இயல்பாகவே அமைந்த பழக்கம். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தையோ, ஒரு நோய்த் தடுப்பு இயக்கத்தையோ, பல கோடி ரூபாய்ச் செலவில் நாடெங்கும் நடைபெறும் ஓர் அரசுத் திட்டத்தையோ இவ்வாறு ஒடித்தும் தட்டியும் பார்த்துவிட முடியாது. அவற்றின் நிறைகுறைகளை ஆராய்ந்து முடிவு கூறுவதற்கென்றே இருபதாம் நூற்றாண்டில் ஒரு தனித் துறை வளர்ந்தது. அதனை மதிப்பீட்டு ஆய்வு என வழங்குகிறோம். அத்துறையின் நடுநாயகமாக விளங்கும் கருத்து, தகுதி என்பது. தகுதி என்றால் என்ன, அதனை யார், எவ்வாறு அறிந்து கூறுவது என்பதைப் பற்றியே இன்று தங்கள் முன் சில கருத்துகளை வைக்க விரும்புகிறேன்.

இது அறிஞர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சொல்லாராய்ச்சி என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. பயனற்ற திட்டம் ஒன்றை நல்லது எனத் தீர்ப்பளித்துவிட்டால், அதன் செலவு வரி செலுத்துவோரையும் அதன் துன்பம் அதனை நம்பியோரையும் சாரும். நல்ல திட்டம் ஒன்றைத் தீயது எனத் தீர்ப்பளித்துவிட்டாலோ, அதனால் வாழ வேண்டியவர்கள் வாழ்விழப்பர். ஆகவே தீர்ப்பளிப்பவர் எதனைத் தகுதி எனக் கொண்டார் என்பது நம் அனைவரையும் தொடும் கேள்வியாகும்.

மைய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எனக்கு, முதலில் இச்சொல்லைப் பற்றியே சிறிது சொல்லத் தோன்றுகிறது. 'மெரிட்' என்னும் ஆங்கிலச் சொல் நம் ஊர்களில் 'மெரிட் லிஸ்ட்' என்ற தொடரின் வாயிலாகப் பாமரருக்கும் பழக்கமானது. அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ஒருவர் தம் செயலால் ஈட்டியது, ஈட்டியதனால் அவருக்கு உரியது என்பது அதன் வேர்ப்பொருள். அதற்கு நேராக நாம் எழுதும் 'தகுதி' என்பதோ, 'தகு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. தக்கது, தகவு, தகை ஆகியனவும் அதன் கிளைகளே. தகுதல் என்றால் பொருந்துதல். பொருந்துதல் என்றவுடனே, எதற்குப் பொருந்துதல் என்ற வினா எழுந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல் ஒருவர் ஈட்டிவந்ததைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல் அவர் நிற்க வேண்டிய இடத்தையும் சேர்த்துச் சுட்டுகிறது. இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்குத் தொல்லை தருவதுதான். எனினும் மதிப்பீட்டு ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக விவாதித்துவரும் பொருளின் சாரம் முழுவதும் இவ்விரு சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியில் அடங்கியிருக்கிறது.

இத்துறையின் அடிப்படைக் கருத்துகளை வகுத்தவர்களுள் தலையாயவர் மைக்கேல் ஸ்கிரிவன் என்னும் தத்துவப் பேராசிரியர். 1967ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, மதிப்பீடு என்பது வெறும் அளவெடுப்பு அன்று, அளந்ததன் மேல் நல்லது, தீயது என்ற தீர்ப்பையும் கூறுவதே அதன் கடமை என வலியுறுத்தியது. ஒரு திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதனைத் திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீடு வேறு, முடிந்த பின் அதனைக் கொள்வதா தள்ளுவதா எனத் தீர்மானிப்பதற்காகச் செய்யும் மதிப்பீடு வேறு என்ற பாகுபாட்டையும் அக்கட்டுரையே நிலைநாட்டியது. அடுப்பங்கரையில் சமைப்பவர் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பது முதல் வகை. பந்தியில் அமர்ந்தவர் உண்டுவிட்டுச் சொல்வது இரண்டாம் வகை.

ஒன்றின் மதிப்பை ஆராயும்போது இரண்டு கூறுகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதும் இத்துறையினர் வற்புறுத்தும் ஒரு கருத்து. ஒன்று தகுதி, மற்றொன்று பயன்மதிப்பு. ஒரு பொருள் தன்னளவில் எவ்வளவு செம்மையாக இருக்கிறது என்பது தகுதி. குறிப்பிட்ட மக்களுக்கு, குறிப்பிட்ட இடத்தில், அவர்தம் தேவையை நோக்க, அது எவ்வளவு உதவுகிறது என்பது பயன்மதிப்பு. ஈகன் கூபா, இவான்னா லிங்கன் என்னும் இரு கல்வி அறிஞர்கள் 1981இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டே போதும். ஒரு நல்ல கம்பளிப் போர்வை இருக்கிறது. நூல் சீரானது, நெசவு இறுக்கமானது, சாயம் போகாதது. நெசவறிந்த எவரும் அதனை உயர்ந்தது என்றே சொல்வர். அது அதன் தகுதி. அப்போர்வை மார்கழியிலும் தையிலும் தில்லியில் இருப்பவருக்கு உயிர் காக்கும் பொருள். அதே போர்வை இராமேசுவரத்தில் இருக்கும் அவருடைய பெற்றோருக்குப் பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சுமை. போர்வையின் இழை ஒன்றுகூட மாறவில்லை. தகுதி குன்றவில்லை, பயன்மதிப்போ முற்றிலும் மாறிவிட்டது.

இவ்வளவு எளிதான வேறுபாட்டை யார்தான் மறப்பார் என்று தாங்கள் கேட்கலாம். போர்வையில் மறக்க மாட்டோம். ஆனால் ஒரு திட்டம், ஒரு நிறுவனம், ஒரு கண்டுபிடிப்பு என்று வரும்போது, அறிவிற் சிறந்தோரும் இதனை மறந்ததுண்டு. நம் நாட்டு வரலாற்றிலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, நெல்லைப் பற்றியது. பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பான்யோஸ் நகரில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், 1966இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை ரக நெல்லை வெளியிட்டது. அதற்கு முன்பிருந்த நெட்டை ரகங்கள், உரம் அதிகமானால் உயரமாக வளர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஐ.ஆர். 8 சாயவில்லை. இட்ட உரத்தை எல்லாம் மணியாக்கியது. ஓர் ஏக்கரில் எத்தனை மூட்டை என்பதுதான் அளவுகோல் என்றால், அதற்கு நிகரான நெல் அந்நாளில் இல்லை. உணவுப் பற்றாக்குறையால் வாடிய ஆசிய நாடுகளுக்கு அது பெரும் வரமாகவே வந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் நெல் வயலோடு முடிந்துவிடுவதன்று. அது அரைவை ஆலைக்கும், கடைக்கும், இறுதியில் இலைக்கும் செல்ல வேண்டும். ஐ.ஆர். 8இன் அரிசி சுண்ணம் பாய்ந்தது போன்ற வெள்ளைத் திட்டு உடையது. ஆலையில் எளிதில் நொறுங்கியது. வடித்த சோறு ஆறியவுடன் விறைத்தது. காலையில் வடித்த சோற்றை மாலையிலும், மீந்ததை நீரூற்றி மறுநாளும் உண்ணும் வழக்கமுடைய குடும்பங்களுக்கு இது சிறு குறை அன்று. சந்தையில் அதன் விலையும் தாழ்ந்தது. குட்டைப் பயிர் ஆதலால் வைக்கோலும் குறைவு. மாடு வைத்திருந்தவருக்கு அதுவும் ஓர் இழப்பு. ஆராய்ச்சி நிலையத்தின் துலாக்கோலில் வைக்கோலுக்கும் ஆறிய சோற்றுக்கும் தட்டு இல்லை. உழவரின் துலாக்கோலில் இருந்தது. பின்னர் அதே நிலையத்தினர் அரிசியின் தரத்தையும் நோய் எதிர்ப்பையும் கருத்திற் கொண்டு ரகங்களை உருவாக்கினர். அவற்றுள் 1969இல் வெளிவந்த ஐ.ஆர். 20 தமிழ்நாட்டில் நெடுங்காலம் விரும்பிப் பயிரிடப்பட்டது. அளவுகோலில் விட்டுப்போன செய்திகளைச் சேர்த்துக்கொண்டதனாலேயே இம்முன்னேற்றம் கைகூடியது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி, அடுப்பைப் பற்றியது. விறகும் வறட்டியும் எரியும் சமையலறையின் புகை, பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் கெடுப்பது என்பது நெடுநாளாகத் தெரிந்த உண்மை. ஆகவே புகைபோக்கி வைத்த அடுப்பை அமைக்கும் முயற்சிகள் நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக நடந்துவந்தன. 1980களில் மைய அரசு இதனை ஒரு தேசியத் திட்டமாகவே மேற்கொண்டது. 2002இல் அத்திட்டம் முடிவுறுவதற்குள் நாடு முழுவதும் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தால், இத்தகைய அடுப்புகளின் சிறப்பு தெளிவாகத் தெரியும். விறகு குறைவாகச் செலவாகும். புகை கூரைக்கு மேலே போய்விடும். தகுதி என்ற தலைப்பில் அவற்றுக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும்.

வீட்டில் நிகழ்ந்தது என்ன? இதனை அறிய, இரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஒடிசா மாநிலத்தில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 2016இல் ஆய்விதழில் வெளிவந்தன. எக்குடும்பத்திற்கு அடுப்பு முதலில், எக்குடும்பத்திற்குப் பின்னர் என்பதைக் குலுக்கல் முறையால் தீர்மானித்தமையால், அடுப்புப் பெற்றோரையும் பெறாதோரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. சமைப்பவரின் மூச்சுக் காற்றையே சோதித்து, அவர் எவ்வளவு புகையை உள்ளிழுத்திருக்கிறார் என்பதை அளந்தனர். முதல் ஆண்டில் புகை குறைந்தது. அதன் பின்னர் அந்த நன்மை மறைந்துபோயிற்று. உடல்நலத்தில் முன்னேற்றம் காணப்படவில்லை. விறகுச் செலவும் குறையவில்லை. காரணம் எளியது. புகைபோக்கியில் படியும் கரியை அவ்வப்போது துடைத்தெடுக்க வேண்டும்; மண் விரிந்தால் பூச வேண்டும்; உடைந்தால் பழுது பார்க்க வேண்டும். இவை நடைபெறவில்லை. நாளடைவில் புதிய அடுப்பின் பயன்பாடு குறைந்து, பழைய அடுப்பே மீண்டும் எரிந்தது.

இதற்காக அக்குடும்பத்தாரைக் குறைகூறுவது முறையாகாது. விறகு சேர்ப்பது, நீர் கொணர்வது, வயல் வேலை, குழந்தை வளர்ப்பு என்னும் இத்தனைக்கும் நடுவில், கரி துடைக்கும் வேலையையும் ஒருவர் மேற்கொள்ள வேண்டியிருந்தது. அந்த உழைப்பு ஆய்வுக்கூடத்தின் கணக்கில் ஏறவே இல்லை. ஆய்வுக்கூடம் அடுப்பை மதிப்பிட்டது. அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரை அது காணவில்லை.

அடுப்புக்கு அடுத்து வந்த முயற்சி, எரிவாயு. 2016 மே முதல் நாளன்று தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டத்தின் வாயிலாக வறிய குடும்பங்களின் பெண்கள் பெயரில் கோடிக்கணக்கான எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டன. எத்தனை இணைப்புகள் என்ற எண்ணிக்கையை நோக்கினால் அது ஓர் அருஞ்செயல். ஆனால் இணைப்பு வேறு, எரிதல் வேறு. மையத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை ஒன்று 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2018 டிசம்பர் இறுதி நிலவரப்படி, ஓராண்டுக்கு மேல் இணைப்பு வைத்திருந்த 3.18 கோடிப் பயனாளிகள், ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3.21 உருளைகளே மறுபடி வாங்கியிருந்தனர் என்று அது கூறியது. மூன்று உருளைகளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சமையல் முழுவதையும் செய்துவிட இயலாது என்பதை இல்லத்தரசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிவாயுவின் தகுதியில் குறையேதும் இல்லை. அதன் பயன், உருளையின் விலையையும், கையில் காசு வரும் காலத்தையும், கிடங்கு இருக்கும் தொலைவையும் பொறுத்தது. அவற்றையும் கேட்டறிவதே முழு மதிப்பீடு.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். திட்டத்தின் இலக்கு நிறைவேறிவிட்டதா என்று பார்த்தாலே போதாதா? தகுதி, பயன் என்றெல்லாம் ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்? இதற்கு ஸ்கிரிவன் 1972இல் அளித்த விடை புதுமையானது. மதிப்பிடுபவர், திட்டத்தின் இலக்கு என்ன என்பதையே அறிந்துகொள்ளாமல் களத்திற்குச் சென்று, அங்கே உண்மையில் என்னென்ன நிகழ்ந்துள்ளன என்று காணட்டும் என்றார் அவர். இலக்கை முன்னரே அறிந்து சென்றவரின் கண், இலக்கு இருக்கும் திசையை மட்டுமே நோக்கும். எதிர்பாராமல் விளைந்த நன்மையும் தீமையும் அவர் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். மேலும், இலக்கே சிறியதாகவோ தவறானதாகவோ இருந்தால், அதனை எட்டியதனால் மட்டும் ஒரு திட்டம் நல்லதாகிவிடாது. இந்த வழியை எல்லா மதிப்பீட்டிலும் பின்பற்றுதல் அரிது. எனினும், இலக்கை வகுத்தவரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்ற அறிவுரை பொன்போல் போற்றத்தக்கது.

நம் நாடு இவ்வறிவுரையை நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை என்பதையும் பெருமிதத்துடன் கூறலாம். 1952 அக்டோபர் 2ஆம் நாள், 55 வட்டாரங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதே மாதத்திலேயே, அதன் நிறைகுறைகளைத் தனித்து நின்று ஆராய்ந்து கூறுவதற்காக, திட்டக் குழுவின்கீழ்த் திட்ட மதிப்பீட்டு அமைப்பு நிறுவப்பட்டது. விதை ஊன்றும்போதே தராசையும் செய்துவைத்த அச்செயல், உலக நாடுகள் பலவற்றுக்கும் முன்னோடியானது. அரசே நடத்தும் திட்டத்தைப் பற்றி அரசின் ஓர் அங்கமே கசப்பான உண்மைகளை அச்சிட்டு வெளியிட்டது. 1957இல் வெளிவந்த அதன் நான்காவது அறிக்கை, திட்டத்தின் நன்மைகள் எல்லாருக்கும் ஒப்பச் சென்று சேரவில்லை என்பதை ஒளிவின்றிக் கூறிற்று. கிராம சேவகர் குடியிருந்த ஊருக்கும் அவர் எளிதில் சென்றுவரக்கூடிய ஊர்களுக்கும் அதிகம். எட்டாத ஊர்களுக்குக் குறைவு. உழுபவருக்கு அதிகம், நிலமில்லாதவருக்குக் குறைவு. உழுபவருள்ளும் பெருநிலமும் வசதியும் உடையவருக்கு அதிகம். சிறு நிலத்தாருக்குக் குறைவு.

இத்தனை கிணறுகள், இத்தனை மூட்டை உரம், இத்தனை மைல் சாலை என்று கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த ஆண்டின் கணக்கு அழகாகவே இருந்திருக்கும். கூட்டுத் தொகை பொய்யும் ஆகாது. ஆனால் கூட்டுத் தொகைக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்டபோதே உண்மை வெளிப்பட்டது. பயன் என்று சொன்னால் யாருக்குப் பயன் என்றும் சொல்லியாக வேண்டும் என்னும் பாடத்தை அவ்வறிக்கை நமக்கு விட்டுச் சென்றுள்ளது. திட்டக் குழு கலைக்கப்பட்ட பின், 2015இல் அம்மதிப்பீட்டு அமைப்பும், தனியாக இயங்கிவந்த மற்றொரு மதிப்பீட்டு அலுவலகமும் இணைக்கப்பட்டு, நிதி ஆயோக்கின்கீழ் வளர்ச்சிக் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலகம் என்ற பெயரில் அப்பணி தொடர்கிறது.

இனி, தகுதியை எவ்வாறு நிறுவுவது என்பதைச் சுருங்கக் காண்போம். ஆய்வாளர்கள் கூறும் வழி நான்கு படிகளை உடையது. முதலில், எந்தெந்தக் கூறுகளில் ஒரு பொருளைச் சோதிப்பது என முடிவு செய்ய வேண்டும். அடுத்து, ஒவ்வொரு கூறிலும் எவ்வளவு இருந்தால் நன்று என்ற வரம்பைக் குறிக்க வேண்டும். மூன்றாவதாக, உண்மை நிலையை அளந்தறிய வேண்டும். இறுதியாக, அளந்தவற்றை எல்லாம் ஒருங்கு வைத்துத் தீர்ப்புக் கூற வேண்டும். இவற்றுள் மூன்றாவது படியில்தான் புள்ளியியலும் கருவிகளும் உதவுகின்றன. மற்ற மூன்றிலும் மனிதரின் விருப்பு வெறுப்பும், சமுதாயத்தின் விழுமியங்களும் கலந்தே இருக்கின்றன. நெல்லின் மதிப்பில் வைக்கோலைச் சேர்ப்பதா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. ஆகவே மதிப்பிடுபவர் தம் அளவுகோலை முன்னரே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மதிப்பிடப்படுவோரும், திட்டத்தால் தொடப்படுவோரும் அந்த அளவுகோலைப் பற்றிப் பேச இடமளிக்க வேண்டும்.

தமிழர்க்கு இச்சிந்தனை முற்றிலும் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே 'தெரிந்து வினையாடல்' என மற்றோர் அதிகாரமும் இருப்பதை நேயர்கள் அறிவர். முன்னது, ஒருவருடைய குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு அவர் எத்தகையவர் எனத் தெளிவது பற்றியது. பின்னது, அவ்வாறு தெளிந்தவருள் எந்தச் செயலுக்கு எவர் ஏற்றவர் எனக் கண்டு அதனை அவரிடம் ஒப்படைப்பது பற்றியது. ஆள் நல்லவரா என்பது ஒரு கேள்வி. இவ்வினைக்கு இவர் ஏற்றவரா என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் அமைத்திருப்பது ஊன்றி நோக்கத்தக்கது.

என் தொழிலிலும் இவ்விரு கேள்விகளும் நாள்தோறும் எழுகின்றன. ஓர் அரசு அறிவிப்பைத் தமிழாக்குகிறோம் என வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கலைச்சொல்லும் அங்கீகரிக்கப்பட்ட சொற்கோவைப்படி இருக்கலாம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாதிருக்கலாம். மூலத்தில் உள்ள எதுவும் விடுபடாமல் இருக்கலாம். மேலாய்வு செய்யும் அறிஞர் அதற்கு முழு மதிப்பெண்ணும் வழங்கலாம். ஆயினும், ஓய்வூதியம் கோரி அப்படிவத்தைக் கையில் ஏந்தி நிற்கும் கைம்பெண், எந்தக் கட்டத்தில் கையொப்பமிடுவது என்று அறியாமல் அடுத்தவரிடம் நீட்டினால், அந்த மொழிபெயர்ப்புக்குத் தகுதி உண்டு, பயன் இல்லை என்றே சொல்ல வேண்டும். அதற்காகச் சொற்கோவையைத் தூக்கி எறிந்துவிட்டு மனம்போனபடி எழுதுவதும் சரியன்று. பொருள் பிறழ்ந்தால், எளிதில் புரிவதே பெருந்தீங்காக முடியும். தகுதியற்ற பயன் நிலைக்காது. பயனற்ற தகுதி காட்சிப் பொருளாகவே நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துத் தேடுவதே பொறுப்புள்ள பணி.

தங்கள் இல்லத்திலேயே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். மாற்றலாகி வேற்று மாநிலத்திற்கு வந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது பிள்ளைக்கு ஒரு நல்ல பள்ளியை. நல்ல பள்ளி எது என்றால், தேர்வில் நூற்றுக்கு நூறு பேர் தேறிய பள்ளி என்று அண்டை வீட்டார் சொல்வர். அந்த நூறு, பள்ளியின் தகுதியைத்தான் காட்டுகிறதா? நன்கு படிக்கும் பிள்ளைகளை மட்டுமே பொறுக்கிச் சேர்த்து, தடுமாறுவோரை இடையில் விலக்கிவிடும் பள்ளியும் அந்த எண்ணைக் காட்ட இயலும். அது பிள்ளைகளின் தகுதி. பள்ளியின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அவருள் நூற்றுக்கு எழுபது பேரைத் தேறச் செய்யும் பள்ளி அதனினும் உயர்ந்த கற்பித்தல் நிலையமாக இருக்கலாம். எங்கிருந்து தொடங்கி எங்கே கொண்டுவந்து சேர்த்தது என்று பார்த்தால்தான் பள்ளியின் தகுதி தெரியும்.

அடுத்து, அப்பள்ளி தங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. இடமாற்றத்திற்கு உட்பட்ட மைய அரசு ஊழியரின் பிள்ளைகளை மனத்திற் கொண்டே 1963இல் கேந்திரீய வித்யாலயங்கள் தோன்றின. நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டம் ஆகையால், ஆண்டின் நடுவில் ஊர் மாறும் குடும்பத்திற்கு அவற்றின் பயன்மதிப்பு மிகப் பெரிது. ஒரே நகரில் மூன்று தலைமுறையாகத் தொழில் செய்து நிலைத்துவிட்ட குடும்பத்திற்கு அந்தச் சிறப்பு அவ்வளவு தேவைப்படாது. அக்குடும்பம், பிள்ளை தமிழையும் ஒரு பாடமாகப் படிக்க வாய்ப்புள்ள பள்ளியைப் பெரிதென மதிக்கலாம். ஊரில் இருக்கும் பாட்டியின் கடிதத்தைப் பிள்ளை தானே படித்து விடை எழுத வேண்டும் என்பது ஒரு குடும்பத்தின் தேவையாக இருந்தால், அத்தேவைக்கும் தராசில் ஒரு தட்டு இருக்கத்தான் வேண்டும். தேர்ச்சிப் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை என்பதனால் அது மதிப்பற்றது ஆகிவிடாது.

ஆகவே, நேயர்களே, ஒரு திட்டமோ நிறுவனமோ பொருளோ மிகச் சிறந்தது என்று எவரேனும் தங்களிடம் கூறினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த அளவுகோலால் அது சிறந்தது? அந்த அளவுகோலை வகுத்தவர் யார்? அதனால் யாருக்கு, எவ்விடத்தில் பயன்? இம்மூன்றுக்கும் விடை பெறாமல் வழங்கப்படும் பாராட்டை உடனே நம்பிவிட வேண்டியதில்லை. அவ்வாறே, அவ்விடைகளைப் பெறாமல் கூறப்படும் பழியையும் நம்ப வேண்டியதில்லை. சங்கம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் படிக்கும்போதும், குடியிருப்போர் நலக் கூட்டத்தில் கணக்குக் கேட்கும்போதும், நாளிதழில் ஓர் அரசுத் திட்டத்தின் புள்ளிவிவரங்களைக் காணும்போதும், இக்கேள்விகள் தங்கள் கையில் இருக்கட்டும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க நமக்கு யாரிடமும் அனுமதி தேவைப்படுவதில்லை. நம் பணத்திலும் நம் பெயராலும் நடைபெறும் காரியங்களையும் அவ்வாறே சோதித்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையைப் பொறுமையோடும் நடுநிலையோடும் பயன்படுத்துவது நம் கடமையுமாகும்.